விளக்கு மாதிரி

மேசையில் நிற்பது விளக்கு இல்லை,
விளக்கு மாதிரி.
மூன்றாவது மாதிரி.
முதலாவது ஆகஸ்ட் மழையிரவில்
கழுத்து ஒடிந்து விழுந்து
கில்புவே ஊர் நோட்டரியின் கோரைப்பல்லை
உடைத்துவிட்டது.

அவர் வாயில் இருந்த பல்லை அல்ல.
மிரேயா ஒயார்சூன் பல்லுக்கு நிறம் தீட்டுகிறவள்.
மருத்துவர்கள் அனுப்பும் பீங்கான் பற்களில்
தேநீர்க் கறையை, புகையின் மஞ்சளை,
வயது கீறிய மெல்லிய விரிசலை
நாலே மயிர் கொண்ட தூரிகையால் இடுவாள்,
பொய்ப்பல் பொய் சொல்வது
வெளியே தெரியாதபடி.

தன் நிழல் தன்மேலேயே விழுந்தால்
மஞ்சள் பழுப்பாகிவிடும்.
பழுப்பு திரும்பி வரும், கூலி வராது.
கடையில் இருக்கிறது, வளைந்து நிமிரும் விளக்கு.
அதன் விலை எண்பது கடைவாய்ப் பற்கள்.

ஆகவே,
கிழிந்த கடற்கரைக் குடையின் அலுமினியக் காம்பு இரண்டு.
சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றரை மீட்டர்.
தலைக்கு, எண்ணெய் ஊற்றும் தகரப் புனல்.
காலுக்கு, யாரோ எறிந்த தையல் எந்திரத்தின் சக்கரம்.
வாலில் தொங்க,
மீன்துறையில் பேரம் பேசி வாங்கிய ஈயக் குண்டுகள்.

ரம்பம் காம்பை அறுத்தபோது
வீட்டின் தகரச் சுவர் முழுக்கப் பல் கூசியது.

தோள், முழங்கை, மணிக்கட்டு என்று
மூட்டுகளுக்குப் பென்சிலில் பெயர் எழுதினாள்.
முடுக்கினால் அசையாது.
தளர்த்தினால் நிற்காது.
நடுவே கால் திருகு இடம்.
ஊரே பட்டம் விட்ட செப்டம்பர் முழுதும்
அந்தக் கால் திருகைத் தேடுவதில் போயிற்று.
பழைய பெல்ட்டில் வெட்டிய தோல் வாஷரைச் செருகிய பிறகே
முழங்கை சொன்ன பேச்சைக் கேட்டது.

தலை கேட்கவில்லை.
பத்து மணிக்கு நிமிர்ந்து நிற்கும்.
பதினொன்றுக்கு ஒரு விரல் தாழும்.
பன்னிரண்டுக்கு ஒரு சாண்,
கூட்டத்தின் கடைசி வரிசையில்
தூங்கி வழிகிற குமாஸ்தாவைப் போல.

வால்பராய்சோவின் குன்றேறும் பெட்டியில்
டிக்கெட் கிழிக்கும் எவரிஸ்டோ பார்க்க வந்தான்.
ஒன்று ஏற ஒன்று இறங்கும் இரட்டைப் பெட்டிகள்,
தினமும் எடையோடும் எதிரெடையோடும் பிழைப்பு.
புனலைத் தட்டினான். வாலை ஆட்டினான்.
"என் பெட்டிகளே ஒருநாளும் சமமாய் நின்றதில்லை,
அதற்குத்தான் மோட்டார்" என்றான்.
காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

பிறகு ஒரு புதன்கிழமை,
இரண்டு கையிலும் பல் பெட்டிகளோடு வந்தவள்
சாவிக்கொத்தை வைக்க இடமில்லாமல்
விளக்கின் வால் கொக்கியில் மாட்டினாள்.

பதினொன்று ஆயிற்று. தலை தாழவில்லை.
பன்னிரண்டு. இல்லை.
ஒன்றரைக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள்.

பீங்கான் பொடி நிறுக்கும் தராசில் சாவிகளை இட்டாள்:
தெருக்கதவு, வீட்டுக்கதவு, பட்டறை அலமாரி,
திருட்டுப் போன சைக்கிளின் பூட்டுக்கானது.
நாற்பத்தொரு கிராம்.

அவ்வளவு ஈயம் டப்பாவில் இருக்கிறது.
உருக்க ஐந்து நிமிஷம் போதும்.
உருக்கவில்லை. வேலை குவிந்து கிடக்கிறது என்கிறாள்.
காலையில் சாவியை எடுக்கிறாள்.
அவள் படியிறங்கி முடிப்பதற்குள்
விளக்கு மெல்லத் தலை குனிகிறது.
நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறாள்:
குறை ஒன்பது. வீட்டில் ஆள் இல்லாதபோது நிற்காது.

போன வாரம் விடிகாலையில் நிலம் அதிர்ந்தது.
பெரிதில்லை, கோப்பைகள் பேசிக்கொள்ளும் அளவு.
படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்:
தோள் ஆடியது, முழங்கை ஆடியது,
சாவிகள் கலகலத்தன.
வட்ட வெளிச்சம் சுவரேறி, கூரை தொட்டு,
இறங்கி இறங்கி
நோட்டரியின் புதிய கோரைப்பல் மேலேயே
வந்து நின்றது.
பல்லில் நிழல் இல்லை.

நான்காவது மாதிரிக்குப் படம் போட்டாகிவிட்டது.
வாலில் ஈயம், நாற்பத்தொரு கிராம் கூடுதல்.
அதற்குச் சற்று மேலே, தோள் மூட்டுக்கு நேர் கீழே,
எடை எந்தப் பக்கமும் சேராத இடத்தில்,
எதற்கென்று எழுதாமல்
ஒரு கொக்கி.